முடியாட்சி மாண்டது, துரையாட்சி மாண்டதா?

“வெள்ளைக்காரத் துரைமார் காலமே நற்காலம்!” என்னும் பேச்சு ஹற்றன் கடைத்தெருவிலும் நுவரெலியா மரக்கறிச் சந்தையிலும் இன்றும் நம் காதில் விழுந்த வண்ணமே இருக்கிறது. இவ்வாறு பேசுவோர் தீயவரல்லர், அறிவிலிகளுமல்லர். உழைப்பின் பயனைத் தரகரிடம் விட்டுவிட்டு வெறுங்கையுடன் வீடு திரும்பும் மரக்கறித் தோட்டக்காரரும், ஒழுகும் லயத்துக் கூரைக்கு ஒட்டுப்போட்டு ஓய்ந்துபோன முதியவரும் மனம் வெதும்பிச் சொல்லும் சொல் அது. ஒருவர் ஆள வேண்டும். அவர் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லிலே காரியம் முடிய வேண்டும். பாராளுமன்றம் எதற்கு, பிரதேச சபை எதற்கு என்பதே அவர்களுடைய வினா.

இவர்களுக்கு எதிர்வரிசையில் கற்றவர் சிலர் நிற்கின்றனர். “நாட்டுக்கு அரசியல் யாப்பு உண்டு, மலையகத்தவருக்கு வாக்குண்டு, நீதிமன்றமும் உண்டு. இனி என்ன குறை?” என்பது அவர்கள் வாதம். சட்டப் புத்தகத்தைத் திறந்து காட்டி வாயடைக்க முயல்வதில் இவர்கள் வல்லவர்கள்.

இரு சாராரும் தவறுகின்றனர் என்பதே நமது கருத்து. முன்னவர் நல்ல துரையைத் தேடுகின்றனர். பின்னவர் நல்ல ஏட்டைக் காட்டுகின்றனர். ஆட்சியின் தன்மையை அளக்கும் கோல் இவ்விரண்டும் அன்று. கொடுத்தவனே நினைத்தபோது பறித்துக்கொள்ளக்கூடியது உரிமையா, சலுகையா? இந்த ஒரு வினாவே முடியாட்சியையும் யாப்பாட்சியையும் பிரித்துக் காட்டும் உரைகல். இதனை ஐரோப்பா குருதி சிந்திக் கற்றது. மலையகமோ இரு நூற்றாண்டுகளாகக் கண்ணீர் சிந்திக் கற்று வருகிறது.

ஐரோப்பாவின் கதையைத் தேயிலை மலையில் ஏன் பேச வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். துரையின் அதிகாரமும், அந்த அதிகாரத்தை எதிர்க்கும் சட்டமும் ஒரே நாட்டிலிருந்துதான் இங்கு வந்திறங்கின. ஆதலின் அந்நாட்டு வரலாறு நமக்குப் புறக்கதை அன்று.

பிரான்சும் இங்கிலாந்தும்

பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பிய மன்னர்கள், தங்கள் முடி கடவுள் தந்தது என்றும், கடவுளுக்கன்றி வேறெவருக்கும் தாம் பதில் சொல்லக் கடமைப்பட்டவரல்லர் என்றும் முழங்கினர். பிரான்சிலே பதினான்காம் லூயி 1643 முதல் 1715 வரை அரியணையில் இருந்தான். 1614இல் கூடிய அந்நாட்டுப் பொதுச்சபை, பின்னர் 1789 வரை 175 ஆண்டுகள் கூட்டப்படவேயில்லை. கேட்பாரில்லாத அரசு எதைச் செய்யும் என்பதற்கு ஒரு சான்று போதும். புரட்டஸ்தாந்தச் சிறுபான்மையினர் தம் சமயத்தைக் கைக்கொண்டு வாழலாம் என்று 1598இல் நான்காம் ஹென்றி, நாந்து நகரப் பிரகடனத்தின் மூலம் வாக்களித்தான். மீறமுடியாத வாக்கு என்று அது கூறப்பட்டது. 1685இல் அவனுடைய பேரன் பதினான்காம் லூயி ஒரு கையெழுத்தினால் அதனை அழித்தான். ஏறக்குறைய 2 இலட்சம் மக்கள் பிறந்த நாட்டை விட்டு ஓடினர். நெசவாளரும் கடிகாரம் செய்வோரும் வணிகரும் அயல்நாடுகளை வளப்படுத்தினர், பிரான்சு வறுமையுற்றது. பாட்டன் தந்தது சலுகையே. ஆதலாற்றான் பேரன் அதனைப் பறிக்க முடிந்தது.

இங்கிலாந்திலோ வேறு கதை. முதலாம் சாள்ஸ் 1629 முதல் 1640 வரை பதினொரு ஆண்டுகள் பாராளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்டான். சபையின் இசைவின்றிக் கப்பல் வரி என்று ஒரு வரியை விதித்தான். ஜோன் ஹம்டன் என்னும் நிலவுடைமையாளர் தம் பங்குக்குரிய இருபது சிலிங்கைக் கட்ட மறுத்து வழக்காடினார். 12 நீதிபதிகளுள் 7 பேர் மன்னன் பக்கம் சாய்ந்தனர்; வழக்கு தோற்றது. ஆயினும் இருபது சிலிங் ஹம்டனுக்குப் பெரிதன்று. கேளாமல் எடுக்கும் அதிகாரம் மன்னனுக்கு உண்டா என்பதே பெரிது என நாடு உணர்ந்தது. உள்நாட்டுப் போர் மூண்டது. 1649 சனவரி 30இல் மன்னன் தலை வீழ்ந்தது. 1679இல் ஆட்கொணர்வுச் சட்டம் பிறந்தது. காரணங் காட்டாமல் ஒருவனைச் சிறையில் வைத்திருக்கும் அதிகாரம் அடக்கப்பட்டது. 1688இல் இரண்டாம் ஜேம்ஸ் நாட்டை விட்டோடினான். 1689இன் உரிமைச் சட்டம், பாராளுமன்றத்தின் இசைவின்றி வரியும் இல்லை, சட்டத்தை நிறுத்திவைக்கும் அதிகாரமும் மன்னனுக்கில்லை என்று வரையறுத்தது. வில்லியமும் மேரியும் அந்த நிபந்தனைகள் ஓதப்பட்ட பின்னரே முடியேற்றனர்.

வேற்றுமை யாது? லூயி கொடியவன், வில்லியம் நல்லவன் என்பதன்று. பிரான்சில் மன்னனின் வாக்குறுதியைக் காக்க மக்களிடம் ஒரு கருவியும் இருக்கவில்லை. இங்கிலாந்தில் வரிப்பணம் என்னும் கடிவாளம் சபையின் கையில் இருந்தது. அவ்வளவே.

கண்டியில் எழுதிய ஏடு

நம் மலைநாட்டுக்கும் முடியாட்சி புதிதன்று. 1815 மார்ச் 2இல் கண்டி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கொடுங்கோலன் என்று குற்றஞ்சாட்டப்பட்டு அரசிழந்தான். வேலூரில் சிறையிருந்து 1832இல் மாண்டான். அவனுடைய இடத்தில் ஆங்கில மன்னன் மூன்றாம் ஜோர்ஜ் நிபந்தனைகளுடன் ஏற்கப்பட்டான். கண்டி நாட்டின் சட்டமும் வழக்கமும் பிரதானிகளின் உரிமையும் காக்கப்படும் என்று ஏட்டில் எழுதப்பட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் இது 1689ஆம் ஆண்டுக் காரியமே போலத் தோன்றும். ஆனால், 1817–18 கிளர்ச்சி அடக்கப்பட்டதும் 1818 நவம்பர் 21ஆந் தேதிப் பிரகடனம் பிரதானிகளின் அதிகாரத்தைக் குறுக்கியது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டமோ, உறுதி காட்ட முடியாத காடும் சேனையும் முடிக்கே உரியவை என்று கொண்டது. அந்த நிலமே கோப்பித் தோட்டமாகிப் பின்னர் தேயிலைத் தோட்டமாயிற்று. ஏடு இருந்தது, ஏட்டைக் காக்கும் கை இருக்கவில்லை. கண்டிக் குடியானவன் காணியை இழந்ததும், நம் முன்னோர் அக்காணியில் அடிமைபோல் உழைத்ததும் ஒரே அதிகாரத்தின் இரு விளைவுகள் என்பதைச் சிங்கள உழவரும் தமிழ்த் தொழிலாளரும் உணர்ந்தாலன்றி இரு சாராருக்கும் விடிவில்லை.

தோட்டத்து முடியாட்சி

இப்போது, ‘நற்காலம்’ என்று போற்றப்படும் துரைமார் காலத்தைப் பார்ப்போம். லூயிக்கு அரண்மனை, பெரியதுரைக்குப் பங்களா. லூயியின் நாடு பெரிது; துரையின் நாடு சில நூறு ஏக்கர். அதிகாரத்தின் இயல்பில் மட்டும் வேற்றுமை சிறிது. பிரட்டுக்களத்தில் விடியுமுன் வேலை பிரித்தவர் அவருடைய ஆட்கள். குற்றம் கண்டவரும் அவரே, தீர்ப்பளித்தவரும் அவரே. தோட்டத்தில் ஒரு நாட் சம்பளத்துக்குப் ‘பேர்’ என்று வழங்குவர். கொழுந்து நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’. ஒரு பெண் மலையேறி, மழையில் நனைந்து, அட்டைக் கடியைப் பொறுத்து உழைத்த நாளைப் பாதியாக வெட்ட ஒரு கோல் மை போதுமானதாக இருந்தது. மேன்முறையீடு எங்கே? மேன்முறையீட்டையும் அதே துரையிடமே செய்ய வேண்டும்.

சட்டம் தொழிலாளியைக் காத்ததோ? 1865ஆம் ஆண்டுத் தொழிற் சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டுச் சென்றவன் குற்றவாளியாகிச் சிறைக்குச் சென்றான். ஒப்பந்தத்தை மீறுவது பிறருக்கு வழக்கு. கூலிக்கோ அது குற்றம்! கங்காணியின் கடன், தோட்டத்தை விட்டுத் தோட்டம் செல்லவும் ‘துண்டு’ என்னும் சீட்டின்றி இயலாத நிலையைத் தோற்றுவித்தது. கடன் தீரும் வரை துண்டு இல்லை, கடனோ தீர்வதில்லை. அந்த முறை 1921இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

“துரை கம்பளி கொடுத்தார், அரிசி அளந்தார், பிள்ளைக் காம்பரா கட்டினார்” என்று நண்பர்கள் நினைவூட்டுவர். அளந்த அரிசியின் விலை சம்பளத்தில் கழிக்கப்பட்டதை மறப்பதேன்? மெய்யாகவே நெஞ்சில் ஈரமுள்ள துரைமாரும் இருந்தனர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், நல்ல துரை மாற்றலாகிப் போனபின் வந்தவர் தீயவராயின் என் செய்வது? நல்லவரின் வருகைக்காகக் காத்திருப்பது மன்னனின் குடிகளுக்குரிய இலக்கணம், சுதந்திர மனிதருக்குரியதன்று.

பிரேஸ்கேர்டில் வழக்கு

துரையுலகத்தின் உள்ளிருந்தே ஒருவர் இதனைக் கண்டு வெகுண்டார். மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்னும் இளைஞர் 1936இல் தோட்டத் தொழில் பயில வந்து, மடுல்கலையிலுள்ள ரெலுகாஸ் தோட்டத்தில் அமர்ந்தார். தொழிலாளருடன் நெருங்கிப் பழகியமையால் வேலையிழந்து, சமசமாசக் கட்சியிற் சேர்ந்தார். 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் தோட்டத்துரைமாரைக் கண்டித்துப் பேசினார். வெள்ளைத்தோலன் ஒருவன் மேடையேறித் தமிழ்த் தொழிலாளிக்காகப் பேசுவதா! தேசாதிபதி ஸ்ரப்ஸ், 1896ஆம் ஆண்டின் அரச கட்டளையொன்றைத் தேடியெடுத்து, இரண்டே நாளில் அவர் நாட்டை விட்டு வெளியேற வேண்டுமென்று ஏப்ரல் 22இல் ஆணையிட்டார். விசாரணை இல்லை; காரணமும் இல்லை.

பிரேஸ்கேர்டில் கப்பலேற மறுத்துத் தலைமறைவானார். அரசாங்க சபை தேசாதிபதியைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அவர் வெளிப்பட்டுக் கைது செய்யப்பட்டபோது, அவருடைய வழக்கறிஞர் கையிலெடுத்த ஆயுதம் யாது? சாள்ஸ் மன்னர் காலத்துப் போராட்டத்தில் வைரம் பாய்ந்த அதே ஆட்கொணர்வு மனு! எச். வி. பெரேரா வாதாடினார். பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஆபிரகாம்ஸ் தலைமையில் கூடிய உயர் நீதிமன்றம், நெருக்கடி காலத்துக்கென வழங்கிய அதிகாரத்தைத் தேசாதிபதி அமைதிக் காலத்தில் விருப்பம்போல் கையாள முடியாதென்று தீர்ப்பளித்து, மே 18இல் அவரை விடுவித்தது.

மலையக வழக்கறிஞர்களே, ஆசிரியர்களே! மன்னனின் பிரதிநிதியைச் சட்டம் இவ்விலங்கையில் தடுத்து நிறுத்திய நாள் அது. துரைமார் காலமே நற்காலம் என்போர்க்கு இதைவிட விடை வேண்டுவதில்லை. அக்காலத்தில் நல்லதென்று ஏதேனும் இருந்திருப்பின், அது துரையின் தயவன்று. துரையையும் தேசாதிபதியையும் கேள்வி கேட்ட சட்டமேயாகும். ஆனால், அச்சட்டத்தின் கை எல்லாத் தோட்டங்களுக்கும் எட்டவில்லை. 1940 சனவரியில் மூலோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானார். நீதிமன்றம் வரை செல்லும் வாய்ப்பு எல்லோருக்கும் கிட்டுவதில்லை.

பல தலை கொண்ட மன்னன்

இனி, “யாப்பு உண்டே” என்னும் கற்றவர்க்கு நம் விடை. 1689இல் இங்கிலாந்தில் வென்றது பாராளுமன்றம். ஆனால் அப்பாராளுமன்றம் யாருடையது? நிலவுடைமையாளருடையது. ஏழை உழவனுக்கு அங்கே வாக்கில்லை. ஆதலால் பதினெட்டாம் நூற்றாண்டு முழுவதும் அதே பாராளுமன்றம் சட்டத்தின்மேற் சட்டம் இயற்றி, ஊர்ப் பொதுநிலங்களுக்கு வேலியடைத்துப் பெரியவர்க்குக் கொடுத்தது. ஒரு தலை மன்னன் போனான். பல தலை மன்னன் வந்தான். வாக்கில்லாதவனுக்குப் பாராளுமன்றமும் ஒரு முடியாட்சியே.

இவ்வுண்மையை மலையகம் தன் உடம்பிற் கண்டது. 1931இல் டொனமூர் யாப்பு ஆணுக்கும் பெண்ணுக்கும் சர்வசன வாக்குரிமையைத் தந்தது. நம்மவருக்கு நிரந்தர வாசத்தை நிறுவ வேண்டுமென்ற தடைகளுடன் தந்தது. அவ்வாண்டில் ஹற்றன் தொகுதி பெரி. சுந்தரத்தைப் போட்டியின்றி அனுப்பியது; அவர் தொழில் அமைச்சராகவும் அமர்ந்தார். 1936இல் அதே தொகுதி கோ. நடேசையரை அனுப்பியது. அத்தேர்தலில் வாக்குப் பெற்றிருந்த கொழுந்து பறிக்கும் பெண், புரட்சியின் தாயகமான பிரான்சின் பெண்ணுக்கு முன்னரே வாக்காளர் ஆனாள். பிரெஞ்சுப் பெண்கள் முதன்முதல் வாக்களித்தது 1945இற்றான். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. நுவரெலியாவில் சௌ. தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் குமாரவேலு, நாவலப்பிட்டியில் இராஜலிங்கம் எனத் தோட்டத்தின் குரல் சபையேறியது.

பொறுத்தார்களா? சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தவர் மீது பிற சமூகத்தவருக்கில்லாத தடையைச் சுமத்தும் சட்டம் செல்லாது என்று ஓதியது. அந்த மை உலருமுன் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டமும், தேர்தல் திருத்தச் சட்டமும் தொடர்ந்தன. சட்டத்தின் சொற்களிலே ‘மலையகத் தமிழர்’ என்று ஓரிடத்திலும் இல்லை. ஆயினும் வீழ்ந்தவர் மலையகத் தமிழரே. கோடக்கன்பிள்ளை வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. பிரசைகள் யாரென வரையறுப்பது சட்டமன்றத்தின் இயல்பான அதிகாரம் என்று 1953இல் தீர்ப்பாயிற்று. பிரட்டில் அரைப்பேர் வெட்டிய கை இப்போது வாக்காளர் இடாப்பில் முழுப்பேரையும் வெட்டியது. 1952 தேர்தலில் மலையகத்திலிருந்து அந்த ஏழு குரல்களில் ஒன்றேனும் எழவில்லை; 1977இலேயே தொண்டமான் மீண்டும் மக்கள் வாக்கால் சபை புகுந்தார். கால் நூற்றாண்டு ஊமைப்படுத்தப்பட்ட மக்களை வைத்து இரு அரசுகள் பேரம் பேசின. 1964 அக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தனர். எங்கே போக விரும்புகிறாய் என்று முதலில் அம்மக்களைக் கேட்டு எழுதிய ஒப்பந்தமா அது? லூயி தன் குடிகளை விரட்டினான். இங்கோ இரு சனநாயக அரசுகள் குடிகளை எண்ணிப் பங்கு வைத்தன!

ஆதலாற்றான் சொல்கிறோம்: நாந்துப் பிரகடனமும் கண்டி உடன்படிக்கையும் சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவும் ஒரே விதிக்கு இரையாயின. வாக்குறுதி பெற்றவனின் கையில் அதனைக் காக்கும் வலிமை இல்லையாயின், யாப்பும் மன்னனின் தயவேயாகும்.

சலுகையை உரிமையாக்குவோம்

இன்று நிலை யாது? 2003ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றவர் என்னும் வடுவைப் பெரும்பாலும் துடைத்தது. வாக்கு மீண்டது. அது வெற்றியே, அதனைச் சிறுமைப்படுத்தோம். ஆனால், வாக்குச் சாவடியிற் குடிமகனாய் நிற்பவன், லயத்துக்குத் திரும்பியதும் என்னவாகிறான்? 1992இல் தோட்டங்களைப் பொறுப்பேற்ற கம்பனிகளுக்கு 53 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அம்மண்ணில் வியர்வை சிந்தியவருக்கோ, படுத்துறங்கும் காம்பராவுக்குக்கூட உறுதி எழுதப்படவில்லை. 1977 மே 11இல் டெவன் தோட்டத்துச் சிவனு இலட்சுமணன் துப்பாக்கிக் குண்டுக்கு மார்பு காட்டியது தோட்ட நிலம் பறிபோவதைத் தடுக்கவே என்பதை மறந்துவிட்டோமா? 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாய் நின்றது. அச்சட்டம் திருத்தப்பட்டது 2018இற்றான். வாக்கைப் பெற்றுக்கொண்ட சபை, அந்த வாக்காளன் நடக்கும் பாதைக்கு ஒரு வண்டிக் கல் கொட்ட முப்பது ஆண்டுகள் சட்டம் இடங்கொடுக்கவில்லை!

வலிய கை ஒன்று வந்தாற் போதும் என்போர் 2022ஆம் ஆண்டையும் எண்ணிப் பார்க்கட்டும். சர்வ வல்லமையுள்ள சனாதிபதிப் பதவியை 1978இல் நாடு உண்டாக்கிக்கொண்டது. அப்பதவியிலிருந்த ஒருவர் 2022 யூலையில் இரண்டாம் ஜேம்ஸைப் போல் நாட்டை விட்டோடினார். இடையில், ஓர் இரவில் விதித்த இரசாயனப் பசளைத் தடையினால் 2021இல் நுவரெலியா உழவரின் கிழங்கும் கோவாவும் தேயிலைக் கொழுந்தும் என்ன பாடுபட்டன என்பதை நம் வாசகருக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. உழவரைக் கேளாமல் ஒரு கை இட்ட கையெழுத்து அது. கப்பல் வரிக்கும் அதற்கும் என்ன வேற்றுமை?

ஆதலின் உழவர்களே, நல்ல துரைக்காக ஏங்காதீர்கள். கற்றவர்களே, ஏட்டைக் காட்டி அமைதி கொள்ளாதீர்கள். காம்பராவுக்கும் அதைச் சூழ்ந்த நிலத்துக்கும் குடியிருப்போர் பெயரில் உறுதி எழுதப்பட வேண்டும். கம்பனியின் குத்தகை பேசப்படும் மேசையில் தொழிலாளியின் பிரதிநிதிக்கும் ஓர் ஆசனம் வேண்டும். பிரதேச சபைப் பணம் தோட்டத்துக்குள் எவ்வளவு வந்ததென்று ஆண்டுதோறும் கணக்குக் கேட்கும் பழக்கம் வேண்டும். வழக்கறிஞர் அந்தக் கேள்வியை எழுதிக் கொடுக்கட்டும். ஆசிரியர் அதனைப் படித்துக் காட்டட்டும். உழவரும் தொழிலாளரும் ஒன்றாய்ச் சென்று கேட்கட்டும்.

ஹம்டன் மறுத்தது இருபது சிலிங். நாம் கேட்பது இருபது அடி மண். தொகை சிறிதென்று எவரும் நகைக்க வேண்டா. மன்னர்கள் வீழ்ந்ததெல்லாம் இத்தகைய சிறிய கணக்குகளிலேதான்.